அரை வட்டம் கிடைக்காதபோது

தலையை ஸ்கேன் எடுக்கும் சி.டி. கருவிக்கு இடப் பிரச்சினை கிடையாது. எக்ஸ்ரே குழாய் நோயாளியை முழு வட்டமாகச் சுற்றி வரும். எல்லா இடத்திலும் அந்த வசதி வாய்ப்பதில்லை. மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து எடுக்கும் டோமோசிந்தசிஸ் கருவியில் குழாய் ஒரு சிறு வில்லில்தான் நகரும்: ஹோலாஜிக் கருவியில் 15 டிகிரி, ஜி.ஈ.யில் 25, சீமென்ஸில் 50. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சங்கடம் வேறு மாதிரி. அங்கே சுழல்வது கருவி அல்ல, மாதிரி. அதுவோ தகடு போல மெலிந்தது. 60 டிகிரி சாய்த்தால் எலக்ட்ரான்கள் கடக்கவேண்டிய தடிமன் இரண்டு மடங்காகிவிடும். 70 டிகிரியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரு பக்கமும் 60 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால், படத்துக்குத் தேவையான அரை வட்டத்தில், அதாவது 180 டிகிரியில், 120 தான் கைக்கு வரும். மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

போன பங்கை என்ன செய்வது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

மூத்த பாணிக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஒரு பொருளை எல்லாத் திசையிலிருந்தும் ஊடுருவும் கோடுகளின் கூட்டுத்தொகைகள் தெரிந்தால், அதன் உட்புறத்தையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்று 1917-இல் யோஹான் ராடான் நிறுவினார். பல காலம் அதைச் சீந்துவார் இல்லை. 1963-இல் ஆலன் கார்மாக் எக்ஸ்ரேக்காக இதே கணக்கைப் போட்டபோது, ராடானின் வேலை அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் கணக்கைக் கணினிக்குத் தோதாக்கியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டு பெயர்பெற்று, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனவர் ஜி.என். ராமச்சந்திரன். அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: ஒவ்வொரு எக்ஸ்ரே நிழலையும் வந்த வழியே திருப்பி இழுத்துப் பூசி, எல்லாவற்றையும் கூட்டினால் மங்கலான படம்தான் வரும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியால் கூர்மையாக்கிக்கொண்டால் படம் தெளியும். ஃபூரியர் மாற்றங்களைப் போட்டு மல்லுக்கட்டாமல், கூட்டலும் பெருக்கலுமாகவே இதை முடிக்கலாம் என்று காட்டியதால் கணினி நேரம் வெகுவாக மிச்சமாயிற்று. ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதே வழிக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 'ராம்-லாக்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மேட்லாப் மென்பொருளில் வடிகட்டியின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால், அது தானாக எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இந்தப் பாணியின் பலம் வேகம். ஒரே நடையில் வேலை முடிந்துவிடும். பலவீனம், அளக்காத கோணத்தில் ஒன்றுமே இல்லை என்று அது எடுத்துக்கொள்வது. அதனால் கோணம் குறைந்த படங்களில் கோடுகோடாக இழுப்புகள் விழும். உருண்டையாக இருக்கவேண்டியது கதிர் வந்த திசையில் நீண்டு நிற்கும்.

இரண்டாவது பாணி, படத்தைச் சமன்பாடுகளின் குவியலாகப் பார்ப்பது. போலந்துக் கணித மேதை ஸ்டெஃபான் காச்மார்ஸ் 1937-இல் சொன்ன முறை: ஒரு சமன்பாட்டை எடு, விடையை அதற்கேற்பத் திருத்து, அடுத்ததற்குப் போ. 1970-இல் கார்டன், பெண்டர், ஹெர்மன் மூவரும் இந்த வழியை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் எக்ஸ்ரேக்கும் கொண்டுவந்தார்கள். சி.டி. கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் ஸ்கேனரும் இந்தக் குடும்பம்தான்: 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவீடு, ஆக 28,800 எண்களிலிருந்து 80-க்கு 80 கட்டங்கள். இந்தப் பாணியில் அளவீடு அல்லாத அறிவையும் உள்ளே நுழைக்கலாம். அடர்த்தி சுழிக்குக் கீழே போகாது, பொருளுக்கு வெளியே காற்றுதான் என்பன போன்ற சிறு சங்கதிகள் கோணம் குறையும்போது பெரிதாகக் கைகொடுக்கும். ஆனால் முன்னும் பின்னுமாகப் பல சுற்று ஓடவேண்டும். கிராஃபிக்ஸ் அட்டைகள் மலிவாகும் வரை மருத்துவமனைகள் இதன் பக்கம் அதிகம் திரும்பாததற்குக் காரணம் அந்தச் செலவு.

சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் கிடைத்துவிடுமா? காகிதத்தில் கிடைக்கும். பொருளின் அளவு வரம்புக்குட்பட்டது என்றால், குறுகிய கோண வீச்சிலிருந்தே முழுப் படமும் தீர்மானமாகிவிடும் என்கிறது கணிதம். நிஜ அளவீட்டில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் உண்டு. கோணம் குறையக் குறைய அது எவ்வளவு கொடூரமாகப் பெருகும் என்று 1983-இல் டேவிசன் கணக்கிட்டுக் காட்டினார். எது மிஞ்சும், எது போகும் என்பதை 1993-இல் டாட் குவின்டோ தெளிவாக்கினார்: எந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு கதிராவது உரசிப் போயிருக்கிறதோ அது உறுதியாக மீளும், மற்றவை மீளா. கீழ ரத வீதியில் மட்டும் நின்று தேர் பார்த்தவருக்கு அதன் இரு ஓரங்களும் துல்லியமாகத் தெரியும், தேர் எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. டோமோசிந்தசிஸ் அப்படித்தான். தட்டுக்கு இணையான தளத்தில், மார்பகத்தில் படிந்த சுண்ணத் துகள்கள் கூர்மையாக விழும். மேல்கீழ் ஆழத்தில் மங்கும்.

மூன்றாவது பாணி 2006-இல் பேரெடுத்தது. உடலின் உறுப்புகள் பெரும்பாலும் சீரான திட்டுகள், மாற்றம் எல்லைகளில்தான் என்று வைத்துக்கொண்டு, அளவீட்டோடு ஒத்துப்போகும் படங்களில் மாற்றம் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது. கேன்டெஸ், ரோம்பெர்க், டாவ் மூவரும் வெறும் 22 கோடுகளின் (ஒரு கோடு ஒரு கோணத்துக்குச் சமம்) தகவலிலிருந்து ஒரு தலைப் படத்தை அப்பழுக்கின்றி மீட்டபோது துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்த 22 கோடுகளும் எல்லாத் திசையிலும் பரவியவை. கோணங்கள் சிலவே என்பதும் கோண வீச்சு குறுகியது என்பதும் வேறு வேறு நோய்கள். அடுத்தது, அந்தத் தலை ஷெப்பும் லோகனும் 1974-இல் பத்து நீள்வட்டங்களால் வரைந்த மாதிரித் தலை. சீரான திட்டுகளைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. தேர்வுத்தாளும் மாணவனும் ஒரே அச்சில் வார்த்தவை. அதே ஆண்டு சிகாகோவில் சிட்கி, காவ், பேன் மூவரும் உண்மையான குறுகிய வீச்சுக்கும் இந்த முறையைப் பொருத்திப் பார்த்தார்கள். அது கூடுதல் நேர்மை.

இப்போது கோலோச்சுவது, ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நரம்பு வலைகள். பழக்க நாள்கணக்கில் ஆகலாம். பழகியபின் படம் நொடியில் வரும். அச்சமும் இங்கேதான் அதிகம். மற்றப் பாணிகள் தோற்றால் இழுப்பும் மங்கலும் அதைக் காட்டிக்கொடுக்கும். வலை தோற்றால் நம்பும்படியான உறுப்பு ஒன்றை வரைந்து வைக்கும். கண்ணுக்குப் புலப்படாத மாற்றத்தை அளவீட்டில் சேர்த்தாலே சில வலைகளின் படம் குலைந்துவிடுவதை 2020-இல் ஆண்டுனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஹெல்சின்கி, பெர்லின் ஆய்வாளர்கள் சிலர் நல்ல வழியொன்று சொல்லியிருந்தார்கள்: அளவீட்டில் தெரியும் விளிம்புகளை அதற்குரிய கணிதமே மீட்கட்டும், தெரியாதவற்றை மட்டும் வலை ஊகிக்கட்டும். எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிரித்துக் காட்ட இடம் தருவதால், இருப்பவற்றில் இதுவே மதிக்கத்தக்கது.

தரம் பார்க்கும் களங்களும் மாறிவருகின்றன. 2022-இல் ஹெல்சின்கியில் நடத்திய போட்டியில் வடிவ வடிவமாகத் துளை போட்ட அக்ரிலிக் வட்டுகளின் அளவீட்டைக் கொடுத்தார்கள். ஏழு நிலைகள், 90 டிகிரியில் தொடங்கி, பத்துப் பத்தாகக் குறைந்து, கடைசியில் 30. அதே வட்டின் முழு வட்ட ஸ்கேன் விடைத்தாளாக இருந்தது. தட்டுக்கு நடுவே அழுத்திய மார்பகத்துக்கு அப்படி ஒரு விடைத்தாள் கிடையாது. நார், துகள், கட்டி ஆகியவற்றின் சாயல்களைப் பதித்த பிளாஸ்டிக் கட்டையைப் படமெடுத்து எத்தனை தெரிகிறது என்று எண்ணுகிறார்கள். அதோடு, ஒரு துகளின் சாயல் தன் தளத்தைத் தாண்டி மேலும் கீழும் எத்தனை மில்லிமீட்டர் கசிகிறது என்பதையும் ஆய்வகங்களில் அளக்கிறார்கள்.