சொல் முந்தியா, மெட்டு முந்தியா?

சினிமாப் பாட்டுப் பிரியர்கள் நாலு பேர் கூடினால், அரை மணி நேரத்தில் பேச்சு ‘பழைய பாட்டா, புதுப் பாட்டா’ என்ற பஞ்சாயத்தில் வந்து நிற்கும். மெல்லிசைக் குழு ஒன்றின் ஆண்டு மலரில் எழுதச் சொன்னதும் இந்தப் பஞ்சாயத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. 1958-ல் வந்த ‘உத்தமபுத்திர’னையும் 2012-ல் வந்த ‘அட்டகத்தி’யையும் ஒரே சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்கிற ஆள் நான். வருஷத்தை வைத்துப் பாட்டைப் பிரித்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. பாட்டு உண்டான அறைக்குள் முதலில் நுழைந்தது எது என்று கேட்டால் நிறையப் பிடிபடுகிறது. ராகமா, சொல்லா, மெட்டா, தாளில் எழுதிய நொட்டேஷனா, ஒலியா? தமிழ்த் திரையிசையின் பள்ளிகள் எனக்கு இந்தக் கணக்கில்தான் பிரிகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் உரைகல் வேறு என்பதும் அங்கேதான் தெரிகிறது.

ராகம் முதலில் நுழைந்த காலம் பாபநாசம் சிவனுடையது, எம்.கே. தியாகராஜ பாகவதருடையது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தப் படத்தின் சாருகேசிப் பாட்டைக் கேட்டு, சங்கீத வாசனையே இல்லாத குடும்பங்களில்கூட சாருகேசி புழங்கியது. ராகத்தின் பெயர் தெரியாது, ஆனால் முணுமுணுப்பது சாருகேசிதான். இந்தப் பள்ளியில் பாடகரின் குரல்தான் பாட்டு. வாத்தியங்கள் பின்னால் நடந்து வரும். அதற்கு அடுத்த வருஷம் எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி நடித்த ‘மீரா’வும் அதே வழிதான்.

இந்த ராகச் சொத்தை மேடைக் கச்சேரியிலிருந்து பிரித்து, கதைக்கு வேலை செய்ய வைத்தவர் ஜி. ராமநாதன். ‘மந்திரிகுமாரி’, ‘அம்பிகாபதி’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எதை எடுத்தாலும் ராகம் சுத்தமாக இருக்கும். அதே சமயம் டென்ட் கொட்டகையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கால் ஆடும். எஸ்.எம். சுப்பையா நாயுடு ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) இன்னும் ஒரு படி போனார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகியை ஆபேரியில் நேருக்கு நேர் நிறுத்தினார். நாதஸ்வரம் போகும் பிருகாவுக்கெல்லாம் குரலும் போகிறது. கோயில் திருவிழா மேடையில் அந்தப் பாட்டை எடுக்கத் துணிகிற பாடகியை, பாடி முடிக்கும் முன்பே நான் மதித்துவிடுவேன்.

அந்தக் காலத்தின் இன்னொரு சொத்து தொகையறா. நாடக மேடையிலிருந்து வந்தது. தாளம் இல்லாமல் நாலு அடி விருத்தம் போல இழுத்து, கடைசிச் சொல்லில் ஒரு நொடி நிறுத்தி, தபேலா விழும்போது பல்லவிக்குள் இறங்குவது. அந்த ஒரு நொடி இடைவெளியில் கூட்டம் மொத்தமும் சேர்ந்து மூச்சைப் பிடிக்கும். டி.எம். சௌந்தரராஜன் தொகையறாவில் காட்டிய கம்பீரத்துக்கு ஈடு சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை. இன்றைக்குத் தொகையறா போடுகிற இசையமைப்பாளர் அபூர்வம். முதல் பத்து விநாடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிற காலத்தில் யாரைக் குறை சொல்வது?

சொல்லை முதலில் உட்கார வைத்தவர் கே.வி. மகாதேவன். கவிஞர் எழுதிக் கொடுத்த தாளை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த வரிகளுக்குள் இருக்கிற மெட்டை எடுப்பார். ‘திருவிளையாட’லில் (1965) ஹேமநாத பாகவதர் செருக்கோடு பாடுகிற பாட்டைச் சற்று உற்றுக் கேளுங்கள். எழுதியவர் கண்ணதாசன், பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா, திரையில் டி.எஸ். பாலையா. மாண்ட் ராகத்தில் தொடங்குகிறது. வரிகளுக்குள்ளேயே தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயர்கள் வாக்கியத்தின் அர்த்தத்தோடு சேர்ந்தே புதைந்திருக்கின்றன. எந்தச் சொல்லில் எந்தப் பெயர் வருகிறதோ, அந்த இடத்தில் பாட்டு அந்த ராகத்துக்கு மாறிவிடும். அகம்பாவக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. தன் பெட்டியைத் திறந்து நகையை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். இத்தனை ஜாலமும் காட்டிய பிறகு, அதை மிஞ்சுகிற பாட்டு ஒன்று இறைவனுக்கு வேண்டும். மகாதேவன் அங்கே ஜாலத்தைக் கூட்டவில்லை. கௌரிமனோகரி என்ற ஒரே ராகத்தை எடுத்துச் சௌந்தரராஜனிடம் கொடுத்துவிட்டார். பாட்டும், வீணையும், குழலும், மிருதங்கமும், கொன்னக்கோலுமாக சிவாஜி ஐந்து பேராக உட்கார்ந்திருப்பார். ராகமாலிகையை ஒற்றை ராகம் வெல்வது என்ற யோசனை எனக்கு இன்னமும் சிலிர்ப்பு. சிறந்த இசையமைப்புக்கான தேசிய விருதை முதன்முதலாக வாங்கியவரும் மகாதேவன்தான், ‘கந்தன் கருணை’க்காக.

மெட்டை முதலில் வைத்தது விஸ்வநாதன்–ராமமூர்த்தி பள்ளி. 1952-ல் ‘பணம்’ படத்தில் சேர்ந்து, 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவ’னோடு பிரிந்தார்கள். நடுவில் பியானோ, அக்கார்டியன், போங்கோ, விசில் எல்லாம் தமிழுக்குச் சொந்தமாகிவிட்டன. சொல்லை வைத்து மெட்டுப் போட்ட பாட்டுகள் இவர்களிடமும் உண்டு. ஆனாலும் எம்.எஸ்.வி. என்றால் ஆர்மோனியம், வாயில் தத்தகாரம், எதிரே கண்ணதாசன் என்றுதான் மனதில் படம் விரியும். அந்தப் படத்தை நிஜமாகவே பார்க்க வேண்டுமானால் பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) இருக்கிறது. கதாநாயகி தத்தகாரத்தில் சந்தம் கொடுக்கிறாள். கதாநாயகன் அதே அளவில் சொல் போடுகிறான். அவள் சந்தத்தை வேண்டுமென்றே நீட்டி, முடிச்சுப் போட்டு நீட்டுகிறாள். அவன் அவிழ்த்துக் கொடுக்கிறான். நடுவில் காதலும் ஓடுகிறது. ஜானகியின் தத்தகாரத்தில் இருக்கிற குறும்பு, பதில் சொல்லும் எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலில் இருக்கிற ‘இவ்வளவுதானா?’ என்ற தெனாவட்டு! கம்போசிங் அறையில் நடக்கிற வேலையையே பாட்டாக்கிவிட்டார்கள்.

இந்தப் பள்ளிக்கு உரைகல் குறிலும் நெடிலும். மெட்டு நீளும் இடத்தில் நெடில் விழவேண்டும். குறுகும் இடத்தில் குறில் விழவேண்டும். தவறினால் படம் பாடமாகிவிடும், கல் காலாகிவிடும். கண்ணதாசன் பாட்டுகளைக் கேட்கும்போது மெட்டு முந்தியா சொல் முந்தியா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. இந்தப் பள்ளியின் முதல் மார்க் அதற்குத்தான். பிற்காலத்தில் இதே முறையில் எழுதிய பலரிடம் தையல் தெரிகிறது.

ஒரு சின்ன இடைச்செருகல். தானே மெட்டுப் போட்டுத் தானே பாடிய ஏ.எம். ராஜாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ‘கல்யாணப் பரிசு’, ‘தேன் நிலவு’ இரண்டையும் கேட்டால் தனிப்பள்ளியே வைக்கலாம் போலிருக்கிறது. மாணவர்தான் கிடைக்கவில்லை.

1976-ல் ‘அன்னக்கிளி’. தாள் அறைக்குள் நுழைந்தது. வயலின் இன்னது வாசிக்கவேண்டும், புல்லாங்குழல் இன்ன இடத்தில் புகவேண்டும், பேஸ் கிடார் கீழே இன்ன வழியில் நடக்கவேண்டும் என்று இளையராஜா எழுதிக் கொடுத்துவிடுவார். வாசிப்பவர்கள் பார்த்து வாசிப்பார்கள். இதற்கு முன்பு இடையிசை என்பது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் பாடகர் தண்ணீர் குடிக்கிற நேரம் என்று நாங்கள் கேலி பேசுவோம். இளையராஜா வந்தபிறகு ரசிகர்கள் வாயாலேயே வயலின் வாசிக்கப் பழகினார்கள். டீக்கடையில் டம்ளர் கழுவுகிற பையன் சரணத்தை விட்டுவிட்டு இரண்டாவது இடையிசையை முனகுவான். எழுதிச் செய்கிற பள்ளிக்கே உரிய வீம்பும் அவரிடம் உண்டு. ‘சிந்து பைரவி’யில் (1985) யேசுதாஸ் பாடும் கல்யாணிப் பாட்டு முழுக்க ஆரோகண ஸ்வரங்களிலேயே போகிறது, இறங்குவதே இல்லை. அது யாரும் சொல்லாமல் கேட்டால் தெரியாது; உருக்கமான பாட்டு என்று மட்டும்தான் தோன்றும். கணக்கு கண்ணில் படாமல் இருப்பதுதான் எனக்கு அதில் அதிகம் பிடித்தது. அதே படத்தில் தியாகையரின் கிருதியைச் சாரமதியில் வைத்து, நாட்டுப்புற மெட்டு ஒன்றை அதனோடு கோத்துவிட்டதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அந்தப் படம் அவருக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது.

‘ரோஜா’வில் (1992) ஒலி முதலில் வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் வீட்டு ஸ்டூடியோவில் பாடகர் தனியாக வந்து பாடிவிட்டுப் போவார். எந்தத் துணுக்கு எங்கே சேரும் என்பது பிற்பாடு முடிவாகும். மெல்லிசை மேடைக்காரர்களுக்கு இது பெரிய சோதனை. அதுவரை ரெகார்டைக் கேட்டு, யார் எதை வாசிக்கிறார்கள் என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம். ரஹ்மான் பாட்டில் அது என்ன வாத்தியம் என்பதே சச்சரவாகிவிட்டது. கீபோர்டு வாசிப்பவர் திடீரென்று குழுவில் பெரிய மனுஷர் ஆனார்.

பழைய ரசிகர்கள் வழக்கமாக வைக்கிற பரீட்சை ஒன்று உண்டு: ‘வாத்தியம் இல்லாமல் வெறும் வாயில் பாடு, நிற்கிறதா பார்ப்போம்.’ ராகப் பள்ளிக்கும், சொல் பள்ளிக்கும், மெட்டுப் பள்ளிக்கும் இது நியாயமான பரீட்சை. அடுத்த இரண்டுக்கும் இதை வைப்பது அநியாயம் என்பது என் கட்சி. பேஸ் கிடாரைக் கழித்துவிட்டு இளையராஜாவை அளப்பதும், ஒலி அடுக்குகளை உரித்துவிட்டு ரஹ்மானை அளப்பதும் தூண்களை எடுத்துவிட்டு மண்டபத்தை மதிப்பிடுகிற கதை. அவர்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

கட்சி என்று சொன்னேனே, அதற்கு எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. ‘கருத்தம்மா’வில் ஸ்வர்ணலதா பாடி 1994-க்கான தேசிய விருது பெற்ற சோகப் பாட்டு வெறும் வாயிலும் நெஞ்சைப் பிசையும். ‘96’ படத்தில் (2018) எஸ். ஜானகியின் பெயரையே தாங்கிய கதாநாயகி, இளையராஜாவின் பழைய பாட்டுகளை வாத்தியமே இல்லாமல் பாடுகிறாள்; தியேட்டரில் ஒருவரும் பேஸ் கிடாரைத் தேடவில்லை. கோவிந்த் வசந்தா அந்தப் படத்துக்குப் போட்ட புதுப் பாட்டுகளும் அந்தப் பழைய பாட்டுகளுக்குப் பக்கத்தில் கூச்சப்படாமல் உட்கார்ந்துகொள்கின்றன.

எனக்கு வேடிக்கையாக இருப்பது கானாவின் வரவு. தொண்ணூறுகளில் தேவா அதைத் திரைக்குள் இழுத்துவந்து தானே பாடவும் செய்தார். ‘அட்டகத்தி’யில் சந்தோஷ் நாராயணன் கானா பாலாவைப் பாடவைத்தபோது அது விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரனாகவே வந்தது. கானாவில் சொல்தான் முதல். வடசென்னைப் பேச்சின் ஏற்ற இறக்கமே மெட்டு. தாளம் கைக்குக் கிடைத்த பொருளில் விழும். சுற்றிச் சுற்றி மகாதேவனின் அறைக்கே வந்துவிட்டோம். உச்சரிப்பும் அப்படியே: ‘ஒலிதான் முக்கியம்’ என்று ழகரத்தையும் ளகரத்தையும் காற்றில் விட்ட பாட்டுகள் ஓடிய ஊரில், கானாப் பாடகன் ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி கடித்துத் துப்புகிறான்.

குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா மேடையில் ‘அந்தக் காலம்’ ஒரு மணி நேரம், ‘இந்தக் காலம்’ ஒரு மணி நேரம் என்று பிரிக்காதீர்கள். முதல் மணியில் கிழவர்கள் கைதட்டுவார்கள், இரண்டாவதில் பிள்ளைகள். மற்ற நேரத்தில் இரு கட்சியும் சுண்டல் வாங்கப் போய்விடும். கலந்து பாடுங்கள். நேயர் விருப்பச் சீட்டில் நான் எழுதி அனுப்பப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஹேமநாத பாகவதர் பாட்டு, அது முடிந்த கையோடு ‘அட்டகத்தி’யின் கானா, பிறகு அந்தத் தத்தகாரப் பாட்டு. பாகவதர் பாட்டுக்குக் குரல் இல்லை என்றால் பரவாயில்லை, மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.