கோச்சும் கோச்சியும்: பழைய மாதிரிப் பெட்டியைப் புதுக்கும் இரு மரபுகள்

உண்மையான தொடர்வண்டியை ஒரு குறித்த விகிதத்தில் சிறுக்கச் செய்து ஓடவிடும் கைவேலை மாதிரி ரயில் எனப்படும். அதில் பழைய பயணிகள் பெட்டியொன்றைக் கழற்றி, கழுவி, சக்கரம் மாற்றி, உள்ளே கதிரைகள் அமைத்து, மீண்டும் தீந்தை பூசி மூலப் பெட்டிக்கு நெருக்கமாக்குவது, புதிதாக ஒன்றை வாங்குவதைவிடக் கடினமானதும் நிறைவு தருவதுமான பகுதியாகும். இவ்வேலை இந்தியாவிலும் இலங்கையிலும் நடைபெறுகிறது. எனினும், இலங்கையில் ஓடுவன சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையின் பெட்டிகளே, ஆகவே பெரம்பூர் மாதிரிக்கு வேறு நிறம் பூசினால் இலங்கைப் பெட்டி கிடைத்துவிடும் என்றொரு கூற்று பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து அவ்வப்போது எழுவதால், இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது தகும்.

சொற்களிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் கோச் என்றால் ஒரு பெட்டி. யாழ்ப்பாணத்தில் கோச்சி என்றால் முழு வண்டியும். பெட்டியைத் தாங்கும் நான்கு சக்கரச் சட்டத்துக்கே போகி என்பது பொறியியற் பெயராக இருப்பினும், தமிழ்நாட்டுப் பேச்சில் அது பெட்டியையே குறிப்பதால், போகியை மாற்றுதல் என்னும் தொடர் சக்கரச் சட்டத்தை மாற்றுவதையா, பெட்டியையே மாற்றுவதையா சுட்டுகிறது என்ற ஐயம் எழக்கூடும். அங்கே ஜன்னல், கொக்கி, சோப்பு, பழுப்பு எனப்படுவன இங்கே யன்னல், கொழுக்கி, சவர்க்காரம், மண்ணிறம் எனப்படுகின்றன. இவற்றுள் கடைசிச் சொல் வெறும் பெயர் வேறுபாடு அன்று. பழுப்பு என்றதும் முதிர்ந்த இலையின் நிறத்தை எண்ணும் இலங்கையர், தம் பழைய பெட்டிகளின் நிறத்தைச் செம்மண்ணிறம் என்றே சொல்வர், தீந்தை கலக்கும்போதும் கண் அம்மண்ணையே தேடும்.

அளவைப் பொறுத்தவரை இரு நாட்டாரும் ஒரே குறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். இரு நாடுகளின் அகலப்பாதையும் 1,676 மி.மீ. ஆகும், எச்.ஓ. எனப்படும் 1:87 விகிதத்தில் அது ஏறத்தாழ 19.3 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்காக வகுக்கப்பட்டது. ஆகவே எவ்வளவு நுணுக்கமாகப் புதுக்கப்பட்ட பெட்டியும், இரு கரைகளிலும், தன் அகலத்துக்குப் பொருந்தாத ஒடுங்கிய பாதையிலேயே ஓடுகிறது. இதில் மறக்கத்தகாத வரலாறு ஒன்று உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின், சென்னை எழும்பூரிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் 1,000 மி.மீ. மீற்றர்ப் பாதை வண்டியிலிருந்து இறங்கி, கடல் கடந்து, சிறிய தீவின் பெரிய வண்டியில் ஏறினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடி வழியான அத்தொடர்பை அறுத்தது. அப்பயணத்தை முழுமையாக மாதிரியாக்க விரும்புபவர் இந்தியப் பகுதிக்கு 12 மி.மீ. தண்டவாளமும் இலங்கைப் பகுதிக்கு 16.5 மி.மீ. தண்டவாளமும் இட வேண்டும்; பெரியது எது, சிறியது எது என்பதை அந்த மேசையே காட்டிவிடும்.

இந்திய மரபின் பலம் அதன் ஒருமைப்பாடாகும். 1955 அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூரில் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலை சுவிற்சர்லாந்து நிறுவனமொன்றின் நுட்பத்துணையுடன் வகுத்த பெட்டி வடிவம் 2018 வரை கட்டப்பட்டது. அதன் உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ.; எச்.ஓ. அளவில் அவை முறையே 245, 37 மி.மீ. ஆகின்றன. பழைய ஐரோப்பிய மாதிரிகள் பல, 26.4 மீற்றர் நீளப் பெட்டியை 264 மி.மீ.க்குச் சுருக்கிச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றைப் பெரம்பூர்ப் பெட்டியாக்க முயல்பவர் ஏறத்தாழ 2 செ.மீ. நீளத்தை வெட்டிக் குறைப்பதோடு, உடலை நெடுக்காகப் பிளந்து சில மில்லிமீற்றர் அகலமும் கூட்ட வேண்டியிருக்கும். அதன்பின் வருவது கம்பி வேலை: குளிரூட்டப்படாத பெட்டியின் ஒவ்வொரு ஜன்னலிலும் கிடையாக ஓடும் கம்பிகளை நுண்ணிய பித்தளைக் கம்பியாலோ, தெளிந்த தாளில் அச்சிட்ட கோடுகளாலோ அமைக்க வேண்டும். பெட்டி எண்ணிலும் ஒரு முறை உண்டு. முதல் இரு இலக்கங்கள் கட்டப்பட்ட ஆண்டையும், கடைசி மூன்று இலக்கங்கள் வகையையும் காட்டுவதால், பழைய அரக்கு நிறப் பெட்டிக்குப் பிற்கால எண் இட்டால் அறிந்தவர் உடனே சிரித்துவிடுவர். புனேயில் மாதிரி ரயிலுக்கெனவே 1998 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்குவதும் பாராட்டுக்குரியது. இந்தியப் பெட்டி பற்றி இங்கு கூறப்படுவன அச்சான அளவுகளையும் நிழற்படங்களையும் துணைகொண்டவை. இலங்கைப் பெட்டியின் கதவுப்பிடி மழை நாளில் உள்ளங்கையில் எப்படிக் குளிரும் என்பதை எழுத அத்துணை வேண்டியதில்லை.

இலங்கைப் பெட்டியோ ஒரே அச்சில் வார்க்கப்பட்டதன்று. ருமேனியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வெவ்வேறு காலங்களில் வந்த பெட்டிகள் இரத்மலானைத் தொழிற்சாலையில் திருத்தப்பட்டு ஓடுவதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்ய இயலாது. பெரும்பாலான யன்னல்களில் கம்பி இல்லை. அதனால் வேலை குறைவு என்று கருதுவது தவறு. கம்பி இல்லாத அகன்ற யன்னல் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிவிடுவதால், இந்தியப் பெட்டியில் நிழலாய் விட்டுவிடக்கூடிய கதிரை, பொதி வைக்கும் தட்டு, வெளியே சாய்ந்து நிற்கும் பயணியின் முழங்கை ஆகிய அனைத்தையும் இலங்கைப் பெட்டியில் செய்தே ஆக வேண்டும். இந்தியா 1974இல் கைவிட்ட மூன்றாம் வகுப்பு இங்கு இன்றும் உள்ளது. மூன்று என்னும் வகுப்பு எண்ணைப் பெட்டியில் இடாதவர் மூலத்தைப் பார்க்காதவர். மலையக வண்டியின் கடைசியில் பின்புறம் நோக்கிய பெரிய கண்ணாடியுடன் கூடிய காட்சிப் பெட்டியும் இலங்கையின் ஒரு சிறப்பாகும். கண்ணாடிக் கூரையுடைய விஸ்டாடோம் பெட்டிகள் அண்மைக் காலத்தில் இந்தியாவில் புகழ்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே அது மலையகத்துப் பட்டிப்பொளை ஏற்றத்தைக் கண்டது.

இரு மரபுக்கும் பொதுவான படிகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். உடலை இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவுதல், அழுக்கைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சக்கரங்களுக்குப் பதில் உலோகச் சக்கரம் இடுதல், சக்கரச் சட்டத்தில் இருந்த கொழுக்கியை உடலின் அடியில் பொருத்துதல், எடை கூட்டுதல் என்பனவே அவை. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. பெட்டிக்கு ஓர் அவுன்ஸ் அடிப்படை எடையும், ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸும் பரிந்துரைக்கிறது, 245 மி.மீ. பெட்டிக்கு அது ஏறத்தாழ 165 கிராம் ஆகும். இந்த எடையைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வைத்தால் வளைவில் பெட்டி சாயாது.

நிறத்தில்தான் கைவேலை நினைவாக மாறுகிறது. கொழும்பிலிருந்து வடக்குக்குச் செல்லும் யாழ்தேவி வண்டி 1956இல் ஓடத் தொடங்கி, போரினால் 1990இல் வடக்குக்கு வராமல் நின்று, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அப்பாதையை மீளமைத்தது இந்திய அரசு நிறுவனமான இர்கான் என்பதையும், அதற்கு நன்றி உரியது என்பதையும் மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அந்த 24 ஆண்டுகளில் பருத்தித்துறையிலோ தொரொன்ரோவிலோ பழைய மாதிரிப் பெட்டியொன்றைச் செம்மண்ணிறத்தில் புதுக்கியவர் செய்தது பொழுதுபோக்கு மட்டுமன்று. தண்டவாளமே பெயர்க்கப்பட்ட ஊருக்கு ஒரு கோச்சியை அவர் வைத்திருந்தார். வேறு நிறம் பூசிய பெரம்பூர்ப் பெட்டியால் அதை ஈடுசெய்ய முடியாது.

ஆகவே, ஒருமைப்பாட்டிலும் அச்சிட்ட அளவிலும் இந்திய மரபு முந்தியது. கண்ணால் கண்டு செய்வதில் இலங்கை மரபு குறைந்ததன்று என்பதே முடிவு. ஆனால் கண் மட்டும் போதாது. எஞ்சியுள்ள ருமேனியப் பெட்டிகள் இரும்புக்கு விற்கப்படுமுன், அவற்றின் யன்னல் உயரத்தையும் கதவு அகலத்தையும் கதிரை இடைவெளியையும் அளவு நாடா கொண்டு அளந்து தமிழில் எழுதி வைப்பது, இக்கைவேலையில் ஈடுபட்ட ஒவ்வொருவரதும் கடமையாகும்.