சூழல் சரியில்லை

2011இல் வந்த 'தெய்வத்திருமகள்' படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை தியேட்டரில், அழுதேன். அடுத்த தடவை டி.வி.யில், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை போன மாசம், தனியாக. இந்தத் தடவை அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலைப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

கதை தெரிந்ததுதான். ஆறு வயசுப் பிள்ளையின் மனவளர்ச்சி உள்ள கிருஷ்ணா ஊட்டிப் பக்கம் சாக்லேட் கம்பெனியில் வேலை செய்கிறவன். மனைவி பெரிய இடத்துப் பெண், பிரசவத்தில் செத்துப்போகிறாள். பெண் குழந்தையை அவனே வளர்க்கிறான், அக்கம்பக்கத்தார் கைகொடுக்கிறார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயசில் மாமனார் வந்து தூக்கிக்கொண்டு போகிறார். வழக்கு. கோர்ட்டில் அப்பனும் மகளும் வாய் திறக்காமல் கை ஜாடையிலேயே பேசிக்கொள்ள, எதிர்த்தரப்பு வக்கீலே இளகிப்போகிறார். கிருஷ்ணா ஜெயிக்கிறான். ஜெயித்த குழந்தையைக் கொண்டுபோய் மாமனார் வீட்டிலேயே, சித்தி கையில் கொடுத்துவிட்டு நடக்கிறான். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

2001இல் வந்த 'ஐ ஆம் சாம்' என்கிற அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது என்று அப்போதே பலர் எழுதினார்கள். காப்பியா தழுவலா என்கிற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். மாற்றிய இடம் எது என்பதுதான் என் கேள்வி. அந்தப் படத்தில் வளர்ப்புக்கு எடுத்த வசதியான பெண்மணியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வருகிறாள். இங்கே ஏழை அப்பன் தூக்கிக்கொண்டு பணக்கார வீட்டுக்குப் போகிறான். நடையின் திசையே மாறிவிட்டது. பறித்துக்கொண்டு போனவனிடம், கோர்ட் வேண்டாம் என்ற பிறகும், தானே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் தமிழில் தியாகம். குழந்தைக்குப் படிப்பு வேண்டும், நல்ல வாழ்க்கை வேண்டும், அது அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று கிருஷ்ணாவே ஒத்துக்கொள்கிற மாதிரி இந்தப் பிரதி கட்டப்பட்டிருக்கிறது. நாம் அழுகிற அழுகை அந்த ஒப்புதலுக்கு நாம் போடுகிற கையெழுத்து.

கிருஷ்ணா என்ன சாதி? படம் மூச்சு விடாது. சாதி படத்துக்கு வெளியேதான் வந்தது. முதலில் 'தெய்வத்திருமகன்' என்று பேர் வைத்தார்கள். அது முத்துராமலிங்கத் தேவரைக் குறிக்கிற பட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பியதும் மகன் மகளாகிவிட்டது. மனநலம் குன்றிய ஒரு கூலிக்காரனுக்கு அந்தப் பட்டம் கூடாது. பேருக்கே இத்தனை காவல்!

இனி என் கதை. எனக்கும் என் மனைவிக்கும் கலப்புத் திருமணம். பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, பிரிவில் என் பங்கு பாதிக்கு மேலேயே இருக்கும். அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன பெண் திரும்பி வந்தால் அந்த வீடு சும்மா சேர்த்துக்கொள்ளாது, விலை கேட்கும். என் மகன் என் கண்ணில் படாமல் இருப்பதுதான் அந்த விலை. கொடுத்துதான் அவளும் அங்கே இருக்கிறாள்.

1956ஆம் வருஷச் சட்டப்படி நான் 'இயற்கைக் காப்பாளர்'. (புத்தம் தழுவிவிட்டேன், ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு நான் இந்துதான்.) ஆறாவது பிரிவு அப்பனை முதலில் வைக்கிறது, அவனுக்குப் 'பிறகு'தான் அம்மா. அந்தப் 'பிறகு' என்பதற்கு அவன் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் சொன்னது. அது சரியான தீர்ப்பு. பெற்று வளர்க்கிறவளை இரண்டாவதாக வைக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு நான் நியாயம் பேச முடியாது. பதிமூன்றாவது பிரிவு குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். நலன் என்றால் என்ன என்று யார் சொல்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

எதிர்மனுவில் ஒரு வரி இருந்தது: 'மனுதாரர் வசிக்கும் பகுதி மைனர் குழந்தை வளர்வதற்கு ஏற்ற சூழல் அல்ல.' சாதிப் பெயர் இல்லை, சேரி என்ற சொல் இல்லை. சூழல். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார், "உங்க வீடு எங்க இருக்கு? காலனியிலயா?" ஆமாம் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். அம்மாவிடம் வந்து சொன்னேன். "அந்தச் சூழல்லதானடா நீ எம்.ஏ. படிச்ச?" என்றாள்.

உத்தரவு கிடைத்தது. மாசம் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் ஒரு அறை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை. இயற்கைக் காப்பாளருக்கு மாசம் நாலு மணி நேரம்.

அந்த அறைக்கு வெளியே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். கட்டட வேலைக்காரர், மடியில் பிஸ்கட் பாக்கெட். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார். பாதி நாள் பிள்ளையைக் கூட்டிவர மாட்டார்கள். "தம்பி, இதுல என்னிக்குன்னு போட்ருக்கான் பாரு" என்று மடங்கிப்போன உத்தரவுத் தாளை நீட்டுவார். தேதி சரியாகத்தான் இருக்கும். உத்தரவை மீறினார்கள் என்று இன்னொரு மனுப் போட வேண்டும், அதற்கு இன்னும் எத்தனை நாள் கூலி போகுமோ. எந்த சினிமாவிலும் இந்த ஆளை நான் பார்த்ததில்லை.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தம்பதிக்கு விவாகரத்துக் கொடுத்தது. அப்பன் தலித், அம்மா தலித் அல்லாதவர், பிள்ளைகள் இரண்டும் அம்மாவிடம். பிள்ளைகளுக்கு அப்பனின் பட்டியல் சாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், படிப்புச் செலவை அப்பன் ஏற்க வேண்டும், அவன் பிள்ளைகளை அவ்வப்போது பார்க்க அம்மா வழிவிட வேண்டும் என்று சொன்னது. படித்ததும் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம் யோசனை. சான்றிதழ் முழுசாகக் கிடைக்கிறது, அப்பன் மட்டும் அவ்வப்போது. அந்தப் பிள்ளைகள் எந்த வாயிலிருந்து அந்தச் சாதியைக் கேட்டு வளர்வார்கள்? 2012இல் குஜராத் வழக்கொன்றில் இதே நீதிமன்றம் இன்னொரு பக்கத்தைப் பார்த்தது: அப்பன் மேல்சாதியாக இருந்தாலும், பழங்குடி அம்மாவிடம் வளர்ந்து அந்த ஜனத்தின் அவமானத்தையே தானும் பட்டதாகக் காட்டினால் அம்மாவின் சாதியைக் கோரலாம் என்றது. பட்ட அவமானத்தைப் பார்த்த தீர்ப்பு அது. என் மகனுக்கு அந்த அவமானம் எங்கே, என் மேலேயே படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களோ என்றுதான் பயம்.

நம் பக்கமும் பேசியாக வேண்டும். எங்கள் தெருவில் என் சித்தியை விட்டுவிட்டுப் போன மனுஷன் மூன்று பிள்ளைகளை ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. சித்தி களை எடுத்தே ஆளாக்கினாள். பார்க்கிற உரிமை கேட்டு அவன் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை, பார்க்கிற கடமையைக் கேட்டு யாரும் அவனைக் கூப்பிடவும் இல்லை. கிருஷ்ணா மாதிரி தெய்வ அப்பன்களைத் திரையில் பார்த்து உருகுகிற ஆண்களில் இவனும் இருப்பான். தலித் அப்பன் என்பதால் இவனை நான் விட்டுக்கொடுக்காமல் பேச முடியாது.

போன சனிக்கிழமை அம்மா கேழ்வரகு அடை செய்து கொடுத்தனுப்பினாள். பையன் டப்பாவைத் திறந்தான், மோந்து பார்த்தான். "தாத்தா அங்க ஒண்ணும் வாங்கித் திங்காதன்னாரு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அறையில் இருந்த பிளாஸ்டிக் சறுக்கு மரத்தில் இரண்டு தடவை ஏறிச் சறுக்கினான். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கிறபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "ஆயா செஞ்சதா?" என்றான். ஆமாம் என்றேன். இன்னொரு துண்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசலில் தாத்தா நிற்பதைப் பார்த்ததும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.