கொல்லைக்குப் போகும் வழி

எர்ணாவூரில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் வீட்டின் பின்னால் புதிதாக ஓர் அறை சேர்த்துக் கட்டியிருந்தார். "வீட்டையும் கொல்லையையும் ஒன்றாக்கிவிட்டேன். வந்து பார்த்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்" என்றார். மாலை நான்கு மணிக்குப் போனேன்.

பார்வைக்கு அழகான அறைதான். பின்சுவரை இடித்து, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போட்டிருந்தார். அதற்கப்பால் முருங்கை மரமும் துவைக்கிற கல்லும் சித்திரம் போல் தெரிந்தன. ஆனால் ஐந்து நிமிஷம் அங்கே உட்கார முடியவில்லை. எர்ணாவூருக்குக் கிழக்கே கடல். நண்பரின் வாசலும் கிழக்கு. ஆகவே கொல்லை மேற்கு. பிற்பகலில் வாசலில் நுழைகிற கடற்காற்று பின்பக்கமாக வெளியேற இடம் இருந்தால்தான் வீட்டுக்குள் ஓடும். அந்த இடத்தைத்தான் கண்ணாடி அடைத்துவிட்டது. மேற்கு வெயிலோ கண்ணாடி வழியே தாராளமாக உள்ளே வந்து, அதன் உஷ்ணம் போக வழியின்றித் தங்கிவிடுகிறது. இரும்புச் சட்டத்தில் இப்போதே உப்புக் காற்றின் துரு.

ஏதோ குளிர் தேசத்து வீட்டின் படத்தைப் பார்த்துச் செய்தாராம். சூரியனைக் கெஞ்சி அழைக்கிற ஊருக்கு அது சரி. நமக்குப் படம்தான் வேண்டுமென்றால் கொழும்புக்குப் போகலாம். ஈனா டி சில்வாவுக்காக ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டில், நடுவே பெரிய முற்றம். அதை ஒட்டித் திறந்த தாழ்வாரங்கள். கொழும்பில் மழை சென்னையைவிட அதிகம். அதற்காக அவர் முற்றத்தை அடைத்துவிடவில்லை. கூரையைத் தாழ இறக்கினார்.

நண்பர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை புகைவிட்ட பிரதேசம் அது. லாரித் தூசி இன்றும் ஓயவில்லை. பக்கிங்காம் கால்வாய் பக்கத்தில் இருக்க, கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கொசுவுக்கு வலை போதும். தூசியோ தெருவாசல் வழியாகவல்லவா வருகிறது? மழை என்றால், ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குச் சாரல் பெரும்பாலும் வாசல் பக்கம்தான் அடிக்கும். ஆடி, ஆவணியில் மேற்கேயிருந்து வரும் இடிமழைக்கு ஒரு மூங்கில் தட்டி இறக்கினால் தீர்ந்தது.

எனக்கு உறுத்தியது வேறு. நண்பரின் தாயார் எழுபதைத் தாண்டியவர். முன்பு சமையலறைக்குப் பின்னால் ஓர் ஓட்டுத் தாழ்வாரம் இருந்தது. அரிசி களைவது, கீரை ஆய்வது, எதிர்வீட்டுப் பெண்ணோடு வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான். உண்மையில் வீட்டையும் கொல்லையையும் அதுவரை சேர்த்துவைத்திருந்தது அந்த அம்மாளின் நடமாட்டம். இப்போது புது அறையின் வழுவழுப்பான தரையில் ஈரக்காலோடு நடக்கக் கூடாது. அவர் பக்கத்துச் சந்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போகிறார்.

"கண்ணாடியை எடுத்துவிடுங்கள். கூரையை நாலடி முன்னால் நீட்டித் தாழ்த்துங்கள். கீழே சொரசொரப்பான கடப்பைக் கல் போடுங்கள்" என்றேன்.

"கண்ணாடிக்குக் கொடுத்த பணம்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காப்பி வந்தது. வெளியே அந்த அம்மாள் சுவரைப் பிடித்தபடி சந்திலிருந்து வந்து, காயவைத்த வற்றலை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.