தோற்றவரிடம் என்ன வசூலிக்கப்படுகிறது? பழைய வீடியோ கேம்களும் புதியவையும்

பழைய வீடியோ கேம்கள்தான் உண்மையான கேம்கள், இன்றைக்கு வருபவை வெறும் படம் காட்டுகின்றன என்று என் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். பழையவற்றில் கஷ்டம் மட்டும்தான் இருந்தது, ஆழம் இல்லை என்பது இளையவர்களின் பதில். முப்பது ஆண்டுகளாக விளையாடி வரும் என்னால் இரண்டையும் ஏற்க முடியவில்லை. கிராபிக்ஸ், கதை, நீளம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்டால் பல விஷயங்கள் விளங்கும்: தோற்றவரிடம் ஒரு கேம் என்ன வசூலிக்கிறது?

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பதில் எளிது. காசு. ஒரே நாணயத்தில் ஒருவர் நெடுநேரம் ஆடினால் பெட்டியை வைத்திருக்கும் கடைக்காரருக்கு நட்டம். ஆகவே ஆட்டம் போகப் போக வேகமெடுக்க வேண்டும். அந்த வேகம் வந்த விதம் சுவையானது. திரையில் வேற்றுக்கிரகவாசிகள் குறையக் குறைய, அவர்களை வரையும் வேலை செயலிக்குக் குறைந்தது. மிஞ்சியவர்கள் தாமாகவே விரைந்து நகர்ந்தார்கள். நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார்.

1980இல் வந்த பேக்-மேனும் காசு தின்னும் பெட்டிதான். ஆனால் அதன் நான்கு பேய்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நாம் போகும் திசையில் சற்று முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். எப்படி மாட்டிக்கொண்டோம் என்பது தோற்றவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும். அடுத்த நாணயத்தைப் போட அது நியாயமான காரணம். அந்தக் காலத்துக் காசுப் பெட்டிகளில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது இதுதான் என்பேன்.

1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் நாணயத் துளை இல்லை. ஆனாலும் மூன்று உயிர் என்ற கணக்கு வீட்டுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. இதற்குப் பழக்கம் ஒரு காரணம், இட நெருக்கடி இன்னொன்று. மொத்த கேமும் 40 கிலோபைட், அதற்குள் 32 கட்டங்கள். வழி தெரிந்த கை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும். வாங்கியவருக்கு மாதக்கணக்கில் ஆட்டம் தர வேண்டுமென்றால், தோற்றவரை முதலிலிருந்து ஆடவைப்பதே மலிவான வழி. (உயிர்கள் தீர்ந்த பிறகு ஏ பட்டனை அழுத்தியபடி ஸ்டார்ட் கொடுத்தால் தோற்ற உலகத்தின் தொடக்கத்துக்கே போகலாம்; தெரிந்தவர்கள் குறைவு.) பழைய கேம்களின் கடினத்தைப் புகழ்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கடினத்தில் பெரும்பகுதி நேரத்தை இழுத்தடிப்பதற்காக வைத்தது. நம் ஊர்களுக்கு 90களில் வந்த நகல் கருவிகளில் கான்ட்ரா ஆடியவர்கள் முப்பது உயிர் தரும் பட்டன் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தது சும்மாவா?

இந்தக் கணக்கை மாற்றிப் போட்ட கேம் என்று நான் நினைப்பது 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஜோர்டான் மெக்னர் எழுதிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. தம்பியை ஓடவும் தாண்டவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்தே இளவரசனின் அசைவுகளை அவர் வரைந்தார் என்பது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதன் கடிகாரம். இந்த கேமில் உயிர் தீர்வதே இல்லை. எத்தனை முறை செத்தாலும் அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து ஆடலாம். ஆனால் கதை முழுவதற்கும் 60 நிமிடம்தான். அதற்குள் இளவரசியை அடைய வேண்டும். முள் குழியில் விழுந்தால் போகும் இரண்டு நிமிடம் அவளுடைய இரண்டு நிமிடம். தோல்வியின் விலை கடைக்காரருக்கும் போகவில்லை, வீணாகவும் போகவில்லை. கதைக்குள்ளேயே செலவாகிறது.

14 ஆண்டுகள் கழித்து, 2003இல், அதே வரிசையில் வந்த தி சாண்ட்ஸ் ஆஃப் டைமில் இளவரசனிடம் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் குறுவாள் இருக்கிறது. அதிலுள்ள மணல் தீரும்வரை தவறான தாவலை அழித்துவிடலாம். மணலும் தீர்ந்து செத்துப்போனால், கதை சொல்லிக்கொண்டிருக்கும் இளவரசனே அப்படி நடக்கவில்லை என்று திருத்திக்கொள்வான். கேமை எளிதாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்ற குறையில் எனக்கு உடன்பாடில்லை. முதல் கேம் காலத்தைப் பறித்தது, இது காலத்தைக் கையில் கொடுத்தது. இரண்டிலும் தோல்விக்கான நாணயம் காலமே.

2011இல் ஹிடேடகா மியாசாகி இயக்கிய டார்க் சோல்ஸைப் பழைய கடினத்தின் மறுவருகை என்பார்கள். செத்த இடத்தில் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் கிடக்கும். போய் எடுப்பதற்குள் மீண்டும் செத்தால் அவை போய்விடும். இந்த விலை ஆட்டத்தை மாற்றுகிறது. பத்தாயிரம் ஆன்மாக்களுடன் இருட்டுப் படியில் இறங்குவதா, நெருப்பிடத்துக்குத் திரும்பிச் செலவழிப்பதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் யோசிக்க வேண்டும். ஆனால் பாஸிடம் தோற்ற பிறகு நெருப்பிடத்திலிருந்து மறுபடி நடக்கும் அந்த நீண்ட நடை வெறும் இழுத்தடிப்பு. அதே நிறுவனம் 2022இன் எல்டன் ரிங்கில் பல பாஸ்களின் அருகிலேயே உயிர்த்தெழும் இடங்களை வைத்துவிட்டது. 2018இன் செலஸ்டேயில் அந்த நடையே கிடையாது. செத்த நொடியில் அதே திரையில் நிற்போம். செத்த எண்ணிக்கையைக் கண்டு வெட்கப்பட வேண்டாம் என்று கேமே சொல்கிறது. விலை ஏறக்குறைய இல்லை, ஆனாலும் அந்த மலை கடினம்தான்.

கைபேசிக்கு வந்தால் நாணயத் துளை திரும்பிவிட்டது. 2012இன் கேண்டி க்ரஷ் சாகாவில் ஐந்து உயிர். ஒவ்வொன்றும் மீண்டும் நிரம்ப 30 நிமிடம். காத்திருக்க வேண்டும், நண்பரிடம் கேட்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும். காசுப் பெட்டியும் இதைத்தானே செய்தது என்று கேட்கலாம். பேக்-மேனில் நூறு முறை தோற்றவருக்குப் பேய் எங்கே திரும்பும் என்று தெரிந்திருக்கும். இங்கே மேலிருந்து அடுத்து என்ன நிறம் விழும் என்பது ஆயிரம் முறை தோற்றவருக்கும் தெரியாது. தவறு தன்னுடையதா, விழுந்த மிட்டாயினுடையதா என்றே பல நேரம் சொல்ல முடியாது. வீட்டில் பிள்ளைகள் எந்த கேம் ஆடுகிறார்கள் என்று பார்க்கும் பெற்றோர் ரத்தம் தெறிக்கிறதா என்று கவனிக்கிறார்கள். தோற்றதும் திரையில் என்ன வருகிறது என்பதையும் பார்க்கலாம்.

உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் பெட்டிகளைப் பற்றி 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வெளியானபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கொடுத்து வாங்கும் அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்தது. சில நிறுவனங்கள் அந்நாட்டில் அந்த விற்பனையை நிறுத்திக்கொண்டன. உயிர் விற்பனை அதற்குள் வரவில்லை. அதில் குலுக்கல் இல்லை. முப்பது நிமிடம் பொறுக்க முடியாதவரிடம் வாங்கும் கட்டணம் மட்டுமே.