எர்வினின் புன்னகை

அரக்கர்களைக் கொல்லும் படை என்றதுமே ‘சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்று தோழர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஹாஜிமே இசயாமாவின் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ (2009-2021) என்கிற ஜப்பானியப் படக்கதையை அப்படி ஒதுக்க என்னால் முடியவில்லை. மூன்று மதில்களுக்குள் ஜனங்கள். வெளியே ஆள்தின்னும் டைட்டன்கள். மதில் தாண்டிப்போய் மோதுகிற ஆய்வுப் படை. டைட்டனைக் கொல்லப் பிடரியை வெட்ட வேண்டும். முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

ராகாகோ என்றொரு கிராமம். ஊரே காலி, ஒரு பிணம்கூட இல்லை. படைவீரன் கானியின் வீட்டை நசுக்கிக்கொண்டு, நடக்கமுடியாத டைட்டன் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. வீடு திரும்பிய பிள்ளையை வரவேற்பதுபோல் ஏதோ முனகுகிறது. அவனுடைய அம்மா. ஊர்க்காரர்களே டைட்டன்களாக்கப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாளும் வெட்டியது மனுஷங்களைத்தானா என்று லிவாய் திகைக்கிறான். தளபதி எர்வின் புன்னகைக்கிறான். எந்த ஊகத்துக்காகத் தன் தகப்பன் கொல்லப்பட்டாரோ, அதன் நிரூபணத்தை அவன் ஒருபடி நெருங்கிவிட்டான்!

அரசுதான் மற்றமையைக் கட்டமைக்கிறது என்று சொல்லி நாம் வழக்கம்போல் நகர்ந்துவிடலாம். மார்லி அரசு எல்டிய மக்களை ஊசிபோட்டு டைட்டனாக்குவதாகப் பிரதியே பின்னால் அதைச் சொல்லியும்விடுகிறது. எனக்குச் சிக்கல் அந்தப் புன்னகையில். உண்மை தெரிந்தபிறகும் அமைப்பு கலையவில்லை, வாளும் கீழே விழவில்லை. எரென் உலகையே மிதித்தழிக்கிற பிற்பகுதிப் பிரம்மாண்டத்தில் இசயாமா இந்தக் கேள்வியைத் தொலைத்துவிட்டார் என்பேன்.

கானியின் அம்மாவை மட்டும் யாரும் வெட்டவில்லை. வருஷக்கணக்காக அந்த வீட்டின்மேலேயே கிடக்கிறாள், முகம் தெரிய.