சாய்தல்: வழக்குப் பொருளும் மருத்துவப் பொருளும்

மருத்துவத் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இல்லாத சொல்லை ஆக்கிக்கொள்வது குறித்தே பேசிவந்துள்ளன. நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் ஒன்று மருத்துவத்திற்குள் நுழையும்போது தன் பழம்பொருளில் எவ்வளவைச் சுமந்து செல்கிறது என்னும் வினா அதே அளவிற்கு எழுப்பப்படவில்லை. ஆங்கிலத்தில் 'டில்ட்' எனப்படுவதற்கு நிகராகக் கையாளப்படும் 'சாய்வு' என்னும் சொல் இவ்வினாவுக்கு ஏற்ற களமாகும்.

தொல்காப்பிய உரியியல் 'சாய்' என்பதனை ஓய்தல், ஆய்தல், நிழத்தல் ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து, முன்பு உள்ளது நுணுகிக் குறைதல் என்னும் பொருளை அதற்குக் கூறுகிறது. பிரிவாற்றாத தலைவியின் தோள் மெலிவதைக் குறிக்க அகப்பாடல்கள் 'சாஅய்' என்னும் அளபெடை வடிவை ஆள்கின்றன. ஆகவே நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளிலேயே இச்சொல் உடலோடும் உடலின் தேய்வோடும் தொடர்புடையதாக உள்ளது. ('சாயல்' மென்மைப் பொருளது என்பதும் அவ்வியலிலேயே கூறப்பட்டுள்ளது. பைஞ்சாய் எனப்படும் கோரைவகை இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானது.)

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் 'சாய்தல்' என்பதன்கீழ் ஒருபக்கம் சரிதல், வளைதல், மெலிதல், தோற்றல், அழிதல் முதலிய பொருள்களை எண்ணிட்டு அடுக்குகிறது. பொருள்களைத் திரட்டித் தந்த அளவில் அதன் பணி பெரிது. ஆயினும் அப்பொருள்களை இணைக்கும் இழை எது என்பதை அவ்வரிசை காட்டுவதில்லை. பொழுது சாய்கிறது, நெற்கதிர் சாய்கிறது, படை சாய்கிறது, நோயாளியின் தலை சாய்ந்தது என்றால் வீட்டார் அழத் தொடங்குகின்றனர். இவை அனைத்திலும் நிமிர்ந்து நிற்பதே தொடக்கநிலையாகக் கொள்ளப்படுகிறது. அந்நிலையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லுதலே சாய்தல். 'தலைசாய்க்க இடமில்லை' என்னும்போது அதே இறக்கம் ஓய்வாகிறது. 1997ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' சரிந்துவரும் பழங்குடும்பம் ஒன்றின் கதை. ஓய்வும் வீழ்ச்சியும் ஒரே தலைப்பில் அடங்க முடிந்தமைக்குச் சொல்லின் இவ்விருமுகத்தன்மையே காரணம் எனலாம்.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் 'சாயுக', 'சரியுக' ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. அவற்றுள் பின்னது யானையின் இறப்பைக் கூறும் மரபுச்சொல். யானை 'சரிந்தது' என்றால் கேரளத்தில் அதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்க் கட்டடத் தொழிலாளர் வழக்கு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தளத்தில் நீர் தேங்காது ஓடுவதற்காக விடப்படும் சரிவைக் கொத்தனார் 'வாட்டம்' என்பார். பயிர் வாடுவதும் குழந்தை முகம் சோர்ந்திருப்பதும் 'வாட்டம்' என்றே வழங்குகின்றன. வேறு வேரினதான இச்சொல்லிலும் சரிவும் மெலிவும் உடனுறைவது தற்செயலாகத் தோன்றவில்லை. தமிழ் மனம் சரிவைக் குறைவோடு சேர்த்தே எண்ணிப் பழகியுள்ளது.

ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் கவிழ்தல், வீழ்தல் என்னும் பொருளிலேயே வழங்கியது. ஆனால் இன்றைய மருத்துவ ஆங்கிலத்தில் அப்பொருள் உதிர்ந்து, வெறும் கோண அளவே எஞ்சியுள்ளது. இவ்வேறுபாட்டைக் கருதாது பெயர்ப்போர் இடரை விளைவிக்கின்றனர்.

கருப்பையின் அமைவைக் கூறும் வழக்கு இதற்குத் தக்க சான்று. பெரும்பாலான பெண்களிடம் கருப்பை முன்னோக்கிச் சாய்ந்தே அமைந்துள்ளது. ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் அது பின்னோக்கி அமைகிறது. பின்னோக்கிய அமைவு தன்னளவில் நோயன்று. அது மட்டுமே மகப்பேற்றுக்குத் தடையாவதில்லை என்பது மருத்துவர் பொதுவாகக் கொள்ளும் கருத்து. மருத்துவர் 'சாஞ்சிருக்கு' என்கிறார். அதனைக் கேட்ட பெண் வீடு திரும்பி மாமியாரிடம் 'சாஞ்சிடுச்சாம்' என்கிறாள். இடைப்பட்ட மாற்றம் ஒரு துணைவினை மட்டுமே. 'இரு' நிலையைக் காட்டுகிறது. 'விடு' நேர்ந்து முடிந்த ஒன்றை, பெரும்பாலும் வேண்டாத ஒன்றைக் காட்டுகிறது. உடலின் இயல்பான அமைவு இவ்வாறு ஒரு விபத்தாகிறது. கருப்பை இறக்கம் என்னும் முற்றிலும் வேறான நோயோடும் குழப்பிக்கொள்ளப்படுகிறது. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது என்று பாடநூல் கூறும்போது எவரும் அஞ்சுவதில்லை. கருப்பையைப் பற்றிய அதே கூற்று குடும்பத்தில் ஒரு பெண்ணின் நிலையையே மாற்றக்கூடும். ஆதலின் இங்குச் 'சாய்வு' என்பதைத் தவிர்த்து, 'பின்னோக்கி அமைந்த கருப்பை' எனக் கூறுவதே தக்கது.

காரணம் தெரியாத மயக்கத்தை ஆராய 1986இல் முன்மொழியப்பட்ட சோதனை வேறுவகைச் சிக்கலைக் காட்டுகிறது. நோயாளியை மேசையில் படுக்கவைத்துக் கட்டி, மேசையைத் தலைப்பக்கமாக 60 முதல் 70 பாகை வரை உயர்த்தி, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் தொடர்ந்து அளப்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இது 'சாய்வு மேசைச் சோதனை' ஆகும். ஆனால் தமிழ் வழக்கின்படி இங்கு நிகழ்வது சாய்த்தலன்று, நிமிர்த்தல். படுத்திருப்பவரை எழுப்பி நிறுத்துவதைச் சாய்த்தல் எனத் தமிழர் எவரும் கூறார். பெயரைக் கேட்ட நோயாளி தன்னை இன்னும் கீழே சரிக்கப்போகின்றனர் என்றே எண்ணுவார்.

பள்ளிக் கணிதத்தில் கிடைக்கோட்டிலிருந்து எழும் கோட்டிற்கும் 'சாய்வு' என்றே பெயர் உள்ளதே என இங்கு மறுக்கலாம். அம்மறுப்பு வலுவுடையதே. எனினும் அங்கு இடம்பெறுவது பெயர்ச்சொல். அது நிலையான கோணத்தைக் குறிக்கிறது. வினையாகும்போதே இறக்கப் பொருள் மீள்கிறது. நடுநிலை பிறழ்வதைக் கூறுமிடத்துத் திருக்குறள் துலாக்கோலை உவமையாக்கி, 'சாய்' என்பதை விடுத்துக் 'கோடு' என்னும் வினையடியை ஆள்வதும் நோக்கத்தக்கது. நேர்மையிலிருந்து விலகுவதற்கும் உயரத்திலிருந்து வீழ்வதற்கும் பழந்தமிழ் வெவ்வேறு வினைகளை வைத்திருந்தது. பேச்சுவழக்கு அவ்வேறுபாட்டை இன்றும் காக்கிறது. பக்கவாதம் கண்டவரின் வாய் 'கோணிக்கொண்டது' என்பரே தவிரச் சாய்ந்தது என்பதில்லை.

முதலுதவிக் குறிப்புகளில் இச்சிக்கல் உயிரோடு தொடர்புடையதாகிறது. ஆங்கிலச் சொல் தலையின் எவ்வகைச் சாய்வுக்கும் பொது; திசையை அடைமொழி கூறும். தமிழிலோ திசை வினைக்குள்ளேயே உள்ளது. பின்புறமாயின் அண்ணாத்தல், முன்புறமாயின் குனிதல், பக்கவாட்டிலாயின் சாய்த்தல். மூக்கில் குருதி வடிபவர் அமர்ந்து சற்றே முன்குனிந்து, மூக்கின் மென்பகுதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணாந்தால் குருதி தொண்டைக்குள் இறங்கும். நினைவிழந்து கிடப்பவருக்கு மூச்சுவழி திறக்கவோ தலையைப் பின்னோக்கித் தாழ்த்தி முகவாயை உயர்த்த வேண்டும். இரண்டிற்கும் 'தலையைச் சாய்க்கவும்' என்று எழுதுவது ஆங்கிலத்தின் பொதுமையைப் பற்றிக்கொண்டு தமிழின் நுட்பத்தைக் கைவிடுவதாகும். 'குனியச் செய்க', 'அண்ணாக்கச் செய்க' என்றால் அடைமொழியும் வேண்டா, ஐயமும் எழாது. கருவுற்ற பெண்ணை 'ஒருக்களித்துப் படு' எனக் கூறும் முதிய மகளிர் இந்நெறியைக் கலைச்சொல் பட்டியல் எதன் துணையுமின்றிப் பின்பற்றி வருகின்றனர்.